குப்பைக்கும் ஒரு விலை வேண்டும்

2024 டிசம்பர் மாதம் திருநெல்வேலி மாவட்டம் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் மூட்டை மூட்டையாக மருத்துவமனைக் கழிவுகள் கொட்டப்பட்டுக் கிடந்ததை அன்பர்கள் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். ஊசிக் குழல்கள், கையுறைகள், குளுக்கோஸ் பாட்டில்கள் எல்லாம் அதில் இருந்தன. கூடவே நோயாளிகளின் காகிதங்களும் கிடந்ததால் அவை திருவனந்தபுரத்திலிருந்து வந்தவை என்று ஊர் மக்களே கண்டுபிடித்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாள் கெடு விதித்தது. டிசம்பர் 22-ஆம் தேதி கேரளத்திலிருந்து அதிகாரிகளும் லாரிகளும் வந்து அள்ளிக்கொண்டு போயின. கொட்டியவர்களே வந்து எடுத்துப் போனது ஒரு நல்ல முன்னுதாரணம்தான். ஆனால் பிடிபட்டதற்குத்தான் இந்த மரியாதை. கோவை, பொள்ளாச்சிப் பக்கத்து எல்லை ஊர்களில் இப்படிப்பட்ட வண்டிகளை மக்கள் மடக்கிப் பிடித்த செய்தி எத்தனையோ முறை வந்திருக்கிறது. பிடிபடாதவை எத்தனை என்பதற்குக் கணக்கு ஏது?

இந்தச் செய்தியை வேறு ஊர்த் தமிழர்கள் படிப்பதற்கும் நாங்கள் படிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. நான் வடகரப்பதிக்காரன். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, ஒழலப்பதி, வேலந்தாவளம் என்று எங்களைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டுப் பேச்சு தமிழ். ஓட்டுப் போடுவது கேரளத்தில். பெண் கொடுப்பதும் எடுப்பதும் கிணத்துக்கடவு, பொள்ளாச்சிப் பக்கம். ஆகவே கேரளாக்காரன் குப்பையைக் கொண்டுவந்து கொட்டுகிறான் என்று மைத்துனர் வீட்டில் பேச்சு எழும்போது, அந்தக் கேரளாக்காரன் யார் என்று எங்களுக்கே குழப்பமாகிவிடுகிறது. இந்தப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தால், தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறி மூட்டையோடு வரும் பிளாஸ்டிக்கை யார் அள்ளுவது என்று கேட்கிறார்கள். இரண்டு பக்கத்துக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் காவலையும் அபராதத்தையும் மட்டும் கூட்டி இதைத் தீர்த்துவிடலாம் என்று இரு தரப்பாரும் நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏனென்றால் குப்பை ஏன் எல்லை தாண்டுகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். கேரளத்தில் நிலம் குறைவு, ஜனநெருக்கம் அதிகம், மழை அதிகம். குப்பையை முறையாக ஒழிக்கப் பணம் கொடுக்க வேண்டும். காய்கறியும் வைக்கோலும் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகிறவனுக்கு அதைவிடக் குறைந்த தொகை கொடுத்தால் போதும், ராத்திரியோடு ராத்திரியாக ஏதாவது ஒரு ஓடைக்கரையில் தள்ளிவிட்டுப் போய்விடுவான். அதே வண்டியில் பழைய இரும்பை ஏற்றிவிட்டுப் பாருங்கள். ஓடையில் தள்ளுவானா? பட்டப்பகலில், எடைச்சீட்டோடு கோவைக்குக் கொண்டுபோய் விற்பான். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு வந்த வியாபாரியை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர் வந்துபோன தெருவில் ஒரு உடைந்த சொம்பு கூட மீதி இருந்ததில்லை.

எங்கள் ஊர்ப்பக்கத்திலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. கேரளத்துக் கள்ளுக்கடைகளுக்குப் போகும் கள்ளில் பெரும்பங்கு சித்தூர் தாலுகாத் தென்னந்தோப்புகளில் இறக்கப்படுவது. அது பிளாஸ்டிக் கேன்களில்தான் போகிறது. அந்தக் கேன் ஒன்று கூட வழியில் அனாதையாகக் கிடந்து நான் பார்த்ததில்லை. மறுநாள் கள் நிரப்ப அது திரும்பி வந்தாக வேண்டும், வராவிட்டால் ஒருவருக்கு நஷ்டம். பால் சொசைட்டிக்குப் போகும் கேனும் அப்படியே. அதே கடைவீதியில், ஒருமுறை குடித்துவிட்டு எறிந்த தண்ணீர் பாட்டில் ஓடை நெடுக மிதக்கிறது. இரண்டும் பிளாஸ்டிக்தான். ஒன்றுக்கு உடைமைக்காரர் இருக்கிறார், மற்றதற்கு இல்லை.

எனவே நான் பிளாஸ்டிக்கின் எதிரி என்று அன்பர்கள் எண்ண வேண்டாம். மழை மறைவுப் பகுதியான எங்கள் மண்ணில் சொட்டுநீர்க் குழாய் வராமலிருந்தால் பல தோப்புகள் எப்போதோ காய்ந்து போயிருக்கும். குழாயை யாரும் பழிக்கவில்லை. பத்து நிமிடம் பயன்பட்டுப் பல நூறு ஆண்டுகள் கிடக்கும் பொருளைப் பற்றித்தான் பேச்சு.

அந்த வகையில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு, அதைப் பெருமை என்பதா என்றுதான் தெரியவில்லை. ஷாம்பூவைச் சிறு பொட்டலத்தில் அடைத்து ஏழை வீட்டுக்கும் எட்டச் செய்தவர்களில் முன்னோடி கடலூர் சின்னி கிருஷ்ணன். பெரிய புட்டி வாங்க வசதியில்லாதவள் சில்லறைக் காசில் தலைக்குக் குளிக்க முடிந்தது. நல்ல எண்ணம், நல்ல வியாபாரம். இன்று பாக்கு, காப்பித்தூள், ஊறுகாய் எல்லாம் அந்த வழியில் வருகின்றன. பல அடுக்குகள் ஒட்டிய அந்தப் பொட்டலத்தை உருக்கி மறுபடி பயன்படுத்துவது மிகக் கடினம். பழைய சாமான் கடைக்காரர் அதைத் தொடக்கூட மாட்டார். பொறுக்குகிறவருக்குக் கூலி கட்டாத பொருள் மண்ணிலேயே கிடக்கும்.

மண்ணில் கிடந்தால் எங்கள் மாடு தின்னும். கேரளத்தில் பால் அதிகம் சேரும் வட்டாரங்களில் எங்கள் சித்தூரும் ஒன்று. எங்கள் வீட்டிலும் இரண்டு கறவைகள் நிற்கின்றன. சாப்பாட்டு மிச்சத்தைப் பையில் முடிந்து எறிந்தால் மாட்டுக்கு முடிச்சவிழ்க்கத் தெரியாது, பையோடு விழுங்கும். 2019 அக்டோபரில் சென்னையில் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் திருமுல்லைவாயல் பசு ஒன்றின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக அறுவை நடந்தது. ஒரு சிமெண்ட் மூட்டையை விட அதிக எடை! அந்த வயிற்றோடு அது எப்படி நின்றது, எப்படிப் பால் கொடுத்தது என்று மாடு வளர்ப்பவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். காட்டு விலங்கும் தப்பவில்லை. மருதமலை அடிவாரக் குப்பை மேட்டில் மேய்ந்த யானைகளின் சாணத்தில் 2022-இல் முகக்கவசமும் பிளாஸ்டிக் உறைகளும் கிடந்தன. 2025 மே மாதம் அங்கே இறந்த கர்ப்பிணி யானையின் வயிற்றிலும் பிளாஸ்டிக் இருந்தது.

சரி, அரசாங்கங்கள் சும்மா இருந்தனவா? இல்லை. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்தது. கேரளம் 2020 ஜனவரி 1 முதல் செய்தது. மத்திய அரசின் தடை 2022 ஜூலை 1-இல் வந்தது. இந்தத் தேதிகளை எல்லைக்காரன் கண்ணால் பாருங்கள். 2019 முழுவதும் அந்தப் பக்கம் குற்றமான கைப்பை இந்தப் பக்கம் சாதாரண வியாபாரம். நடுவில் இருப்பது ஒரு தார் ரோடு! இரண்டு மாநிலமும் ஒரே நாளில் தொடங்கியிருக்கக் கூடாதா என்று நான் அப்போதே பலரிடம் கேட்டதுண்டு. பின்னர் பையின் கனம் 75 மைக்ரான், 120 மைக்ரான் என்று விதி உயர்ந்தது. எங்கள் சந்தையில் மைக்ரான் அளக்கும் கருவி வைத்திருப்பவர் யார்? கனமான பை என்றால் விலை கூடும், கடைக்காரர் இலவசமாகத் தரமாட்டார் என்ற எண்ணம் சரியானதே. ஆனால் கள்ளத்தனமாக வரும் மெல்லிய பை அதைவிட மலிவாகக் கிடைக்கும் வரை அந்த விதி ஏட்டில்தான் இருக்கும். 2021 டிசம்பரில் தமிழ்நாட்டு அரசு மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கியபோது பெரியவர்கள் மகிழ்ந்தார்கள். மஞ்சப்பை தூக்கினவனைப் பட்டிக்காட்டான் என்று கேலி செய்த காலத்தைக் கடந்து வந்தவர்கள் அல்லவா நாம்.

கேரளத்தின் ஹரித கர்ம சேனையைப் பற்றி இங்கே மனதாரச் சொல்ல வேண்டும். 30,000-க்கும் மேற்பட்ட பெண்கள் வீடு வீடாக வந்து, கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை வாங்கிப் போகிறார்கள். கிராமத்தில் வீட்டுக்கு மாதம் 50 ரூபாய். அந்த 50 ரூபாய்க்குக் கணக்குப் பேசுகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக்கு எவ்வளவு செலவாகிறது என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. வெயிலில் சாக்கைச் சுமந்து வரும் பெண்ணுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து, "அக்கா, எது எடுப்பீங்க, எது எடுக்க மாட்டீங்க?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடியும். எங்களைப் போன்ற தமிழ்ப் பகுதிகளில் அந்த விவரத்தைத் தமிழிலும் அச்சிட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. மொழிச் சிறுபான்மையினரின் உரிமை என்று மேடையில் முழங்குவது ஒருபுறம் இருக்க, குப்பையைப் பிரிக்கத் தெரியாமல் போவதற்கு மொழி ஒரு காரணமாக இருக்கக் கூடாது.

ஆனால் அந்தப் பெண்கள் சேகரித்த பின் என்ன ஆகிறது? தண்ணீர் பாட்டில், பால் கவர் போன்றவற்றை வாங்க ஆள் இருக்கிறது. பொட்டலங்களை வாங்க ஆளில்லை. அவற்றில் பெரும்பகுதி சிமெண்ட் ஆலைச் சூளைகளில் எரிபொருளாக முடிகிறது. அதற்கும் பெரும்பாலும் மாநில எல்லை தாண்டியாக வேண்டும், காசு கொடுத்துத்தான் அனுப்பியாக வேண்டும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் பிளாஸ்டிக்கைத் தாரோடு கலந்து சாலை போடும் முறையைக் கண்டார், 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். நம்மவர் சாதனை, வாழ்த்துவோம். என்றாலும் ஊரில் உள்ள எல்லாச் சாலையையும் போட்டு முடித்தாலும் மறுநாள் காலை ஆலை மறுபடி ஓடத்தான் போகிறது. உலகம் 2015 வரை உற்பத்தி செய்த பிளாஸ்டிக் 830 கோடி டன், அதில் 630 கோடி டன் குப்பையாகிவிட்டது, மறுசுழற்சி ஆனது 9 சதவீதம்தான் என்று 2017-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. 2024-இல் வந்த இன்னொரு ஆய்வு, சுற்றுப்புறத்தில் கலக்கும் பிளாஸ்டிக்கில் இந்தியாவை முதலிடத்தில் வைத்தது. ஆண்டுக்கு 93 லட்சம் டன், அதில் பாதிக்கு மேல் வெளியில் வைத்துக் கொளுத்தப்படுவது. சருகோடு சேர்த்து வாசலில் கொளுத்தி, அந்தப் புகையை நம் பேரப்பிள்ளைகளுக்கே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

செய்தவர்களிடம் கேட்க வேண்டாமா என்றால், சட்டம் கேட்கச் சொல்கிறது. உற்பத்தியாளரே தன் பிளாஸ்டிக்குக்குப் பொறுப்பு என்று மத்திய விதிகள் உள்ளன, 2022-இல் அவை விரிவாக்கப்பட்டன. நடைமுறையில், மறுசுழற்சி செய்பவரிடம் சான்றிதழ் வாங்கிக் காட்டினால் போதும். 2023-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தணிக்கையில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் அகப்பட்டன. காகிதத்தில் பொறுப்பு வைத்தால் காகிதமாகவே திரும்பி வரும் போலிருக்கிறது.

இந்தப் பொறுப்பு விஷயத்தில் எங்கள் வட்டாரத்துக்கு அனுபவம் அதிகம். எங்களுக்குப் பக்கத்துப் பெருமாட்டிப் பஞ்சாயத்தில்தான் பிளாச்சிமடை இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு அங்கே கோகோ கோலா ஆலை வந்தது. கிணறு வற்றியது, இருந்த தண்ணீர் குடிக்க உதவாமல் போனது. ஆலைக் கழிவுச் சேற்றை உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதை 2003-இல் பி.பி.சி. வானொலி வெளியிட்டது. மயிலம்மா போன்ற ஆதிவாசிப் பெண்கள் பந்தலில் உட்கார்ந்து போராடினார்கள். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2010-இல் உயர்நிலைக் குழு நஷ்டத்தை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. 2011-இல் கேரள சட்டசபை இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியும் ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்காமல் அது சட்டமாகவில்லை. மயிலம்மா 2007-லேயே காலமாகிவிட்டார். சரக்கு விற்ற அன்றே லாபம் கைக்கு வந்துவிடுகிறது, கழிவுக்கான பணம் மட்டும் இரண்டு தலைமுறைக்கு இழுக்கிறது. அதனால்தான் பின்னால் கேட்டு வாங்கலாம் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. விற்கும்போதே கழிவின் விலையை எடுத்து வைக்க வேண்டும்.

புதிய யோசனை ஒன்றுமில்லை. கோலி சோடா குடித்தவர்களுக்குத் தெரியும், காலிப் பாட்டிலைக் கொடுக்காமல் கடையை விட்டு நகர முடியாது. வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் முன்பணம் கட்ட வேண்டும். ஜெர்மனியில் 2003 முதல் பாட்டிலுக்கும் டின்னுக்கும் முன்பணம் வாங்குகிறார்கள், பெரும்பாலும் 25 சென்ட். காலியை இயந்திரத்தில் போட்டால் காசு திரும்ப வருகிறது. யாராவது எறிந்தாலும் வேறொருவர் பொறுக்கிப் போய்க் காசாக்கிக்கொள்கிறார். நம் பக்கத்திலும் தொடங்கிவிட்டது. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி வந்ததும் திருப்பிக் கொடுத்தார்கள். காட்டோரங்களில் உடைந்து கிடந்த பாட்டில்களில் மிகப்பெரும் பகுதி கடைக்கே திரும்பியது. பிறகு கோவை முதலிய மாவட்டங்களுக்கும் அது பரவியது. கேரளத்தின் பெவ்கோ 2025 செப்டம்பரில் திருவனந்தபுரம், கண்ணூர் மாவட்டங்களில் பிளாஸ்டிக் மதுப்பாட்டிலுக்கு 20 ரூபாய் வாங்கும் முறையைத் தொடங்கியது.

குடிகாரனின் பாட்டிலுக்குக் கிடைத்த இந்த மரியாதை குடிநீர்ப் பாட்டிலுக்கு ஏன் கிடைக்கவில்லை? இதுதான் என் கேள்வி. மதுக்கடை அரசாங்கத்தின் கையில் இருக்கிறது, உத்தரவு போட்டால் நடக்கிறது. தண்ணீரும் குளிர்பானமும் ஷாம்பூவும் விற்பவை பெரிய கம்பெனிகள். விலை 2 ரூபாய் கூடினால் விற்பனை குறையும் என்று அவர்கள் அழுவார்கள். திரும்பக் கொடுக்கும் காசுக்கு விலையேற்றம் என்று பெயரில்லை. சிறு பொட்டலத்துக்கு இப்படி முன்பணம் வாங்குவது கஷ்டம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு ரூபாய்ச் சாமானுக்கு எவ்வளவு முன்பணம் வைப்பது? அதற்கு வேறு வழி, கம்பெனியே கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை நிர்ணயித்து ஹரித கர்ம சேனையிடமும் பொறுக்கி விற்பவர்களிடமும் நேரடியாக வாங்கிக்கொள்வது. கிலோவுக்குக் கட்டுபடியாகும் விலை கிடைத்தால் எங்கள் ஊர் ஓடையில் ஒரு பொட்டலம் மிஞ்சாது.

கடைக்காரருக்கு இது தலைவலி, காலியை அடுக்க இடம் வேண்டும் என்பது நியாயமான ஆட்சேபணை. அவருக்கும் பாட்டிலுக்கு இவ்வளவு என்று கூலி ஒதுக்க வேண்டும். இன்னொரு ஆட்சேபணை எங்களுடையது, தலைநகரத்தில் இருப்பவர்களுக்குத் தோன்றாது. தமிழ்நாட்டில் 10 ரூபாய், கேரளத்தில் 20 ரூபாய் என்று இருந்தால் எல்லையில் என்ன நடக்கும்? அந்தப் பக்கத்துக் காலி இந்தப் பக்கம் வந்து 20 ரூபாய் வாங்கிக்கொண்டு போகும். அடையாள ஒட்டுச்சீட்டு வைத்தால் அதற்கும் கள்ளச்சீட்டு வரும். ஜெர்மனி, டென்மார்க் எல்லையில் நெடுங்காலமாக முன்பணம் இல்லாத பீர் டின்களை எல்லைக் கடைகளில் டென்மார்க்காரர்களுக்கு விற்று வந்தார்கள், அந்தக் காலி டின்களுக்கு இரு பக்கமும் நாதியில்லை. ஆகவே இரண்டு மாநிலத்துக்கும் ஒரே தொகை, ஒரே அடையாளம், எங்கு வாங்கினாலும் எங்கும் கொடுக்கலாம் என்ற ஏற்பாடு வேண்டும். பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீரைப் பங்கிட இரண்டு அரசும் உட்கார்ந்து பேச முடிகிறது. காலிப் பாட்டிலுக்காக ஒருமுறை உட்காரக் கூடாதா?

உலக நாடுகள் சேர்ந்து செய்யட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. 2022-இல் நைரோபியில் தீர்மானம் போட்டார்கள், 2024-இல் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் கூடினார்கள், உற்பத்தியைக் குறைப்பதா வேண்டாமா என்பதில் உடன்பாடு காணாமல் கலைந்தார்கள். அந்த ஜெனீவாக் கூட்டத்துக்கு இரண்டு மாதங்களுக்கும் மேல் முன்னதாக, மே 25-இல், கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கி, அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் கேரளக் கரையிலும் கன்னியாகுமரி, தனுஷ்கோடிக் கரையிலும் ஒதுங்கின. கடலில் வேலந்தாவளம் இல்லையே.

இடுக்கி மாவட்டத்துத் தமிழ் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகளுக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் விட்டுப்போகும் பாட்டிலை அள்ளுகிறவர்களில் நம்மவர்கள் பலர். நீலகிரியில் மதுப்பாட்டிலுக்குச் செய்ததை உங்கள் மலையில் எல்லாப் பாட்டிலுக்கும் கேளுங்கள். மலைக்கு ஏறும் வழிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதால் முன்பண முறையை அங்கே நடத்திக் காட்டுவது சுலபம்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பொங்கல் விழாவில் தண்ணீர் பாட்டில் வாங்குவதை இந்த ஆண்டோடு நிறுத்தலாம். பந்தலில் இரண்டு பானையில் சீரகத் தண்ணீர் வைக்கும் பொறுப்பை எங்கள் வடகரப்பதிக் குடும்பங்கள் ஏற்றுக்கொள்கின்றன, இலைக்கும் எங்கள் தோப்பிலேயே வாழை இருக்கிறது. வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு டம்ளர் கையோடு கொண்டுவர வேண்டும். மறந்து வருகிறவர்களுக்குச் சங்கமே எவர்சில்வர் டம்ளர் தரும், முன்பணம் 20 ரூபாய், டம்ளர் திரும்பி வந்தால் பணம் திரும்பும்.